ரூஃபஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மிசிசிப்பி மாநிலத்து மெரிட் மாவட்ட நீதிமன்றத்தில் ரூஃபஸ் பெட்டிகிரூவின் கையில் விலங்கு ஏறியது.

மாட்டியவள் கோர்ட்டுப் போலீஸ் டெபுடி ஓலீட்டா கிரைம்ஸ். ரூஃபஸின் அம்மாவும் அவளும் தேவாலயப் பாட்டுக் குழுவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"இறுக்குதாடா?"

"இல்ல அத்தை. வாட்ச் கட்டின மாதிரிதான் இருக்கு. மணிதான் தெரியல" என்றான் ரூஃபஸ். தூக்கில் போட்டாலும் கயிறு நல்ல கயிறுதானா என்று விசாரிக்கிற ஜாதி அவன்.

விஷயம் இதுதான். ரூஃபஸும் கொரீனும் பிரிந்து நாலு வருஷம். மகள் நைலா அம்மாவிடம் இருக்கிறாள், வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை அப்பாவிடம். பிள்ளை ஜீவனாம்சத்துக்காக அக்டோபரில் ரூஃபஸுக்குச் சம்மன் போனது. ஆள் வரவில்லை. வராதவனுக்காக யார் பேசுவார்? அவன் சம்பளம் என்னவென்று கேட்காமலே ஒரு தொகை தீர்ப்பானது. சம்பளத்தையே விழுங்கி ஏப்பம் விடுகிற தொகை. கட்டவில்லை என்று டிரைவிங் லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் இல்லாதவனுக்குத் தீவன லாரியை யார் கொடுப்பார்? வேலையும் போயிற்று. இப்போது மார்ச் மாதம், விலங்கு.

"ஜட்ஜையா, சத்தியமா எனக்குச் சம்மனே வரல" என்றான் ரூஃபஸ். "வந்திருந்தா ஓடி வந்திருப்பேன். கொரீனுக்கு மாசாமாசம் கையில கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன். கையில கொடுத்தா கணக்குல வராதுன்னு யாருக்குத் தெரியும்?"

அடுத்துக் கூண்டில் ஏறியவன் டெரிக் ஃபோஸ். இருபத்தாறு வயது, பாலைவன நகரமான ஃபீனிக்ஸிலிருந்து வந்தவன், ஜீவனாம்சம் வசூலிக்கிற ஹார்ட்வே கம்பெனிக்காகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள். பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான்: "நான் கொடுத்தேன். அவர் வீட்டு வாசல்லயே அவர்கிட்ட கொடுத்தேன்."

ஜட்ஜ் பீச்சம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருமே பைபிள் மேல கை வெச்சிருக்கீங்க. ஒருத்தர் கையாவது சுட்டிருக்கணுமே. சம்மன் போகலைன்னா தீர்ப்பு ரத்து, லைசென்ஸ் திரும்பி வரும். போயிருந்தா இன்னைக்கே ஜெயில். ரூஃபஸ், உன் முதலாளி என்ன சொல்றார்?"

"திங்கட்கிழமை வந்தா லாரி எனக்கு. இல்லைன்னா வேற ஆளுக்கு."

ஜட்ஜ் ஓலீட்டா பக்கம் திரும்பினார். "டெபுடி, இருபது வருஷம் இந்த மாவட்டத்துல நீங்கதான் சம்மன் கொடுத்தீங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள யார் பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. கம்பெனி மேல இருக்கிற கோபத்தை வீட்டுல வெச்சுட்டுப் போங்க."

"எனக்கென்ன கோபம்?" என்றாள் ஓலீட்டா. நீதிமன்றமே சிரித்தது.

கோபம் இல்லாமல் என்ன? இரண்டு வருஷத்துக்கு முன்வரை ஜீவனாம்ச வேலை முழுவதும் அரசாங்க ஆபீஸின் வேலை. மாவட்ட சபை அதை ஹார்ட்வேக்குக் குத்தகைக்கு விட்டது. அதுவரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த ஓலீட்டா, அன்றிலிருந்து கோர்ட்டில் கதவு திறந்து கதவு மூடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குத்தகை நீளுமா என்பதற்கு அடுத்த வாரம் வாக்கெடுப்பு. டெரிக் பொய் சொல்லியிருந்தால் ஓலீட்டாவுக்குப் பாயசம் வைத்துக் கொண்டாட வேண்டிய நாள்.

பாக்கெட்டில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஹார்ட்வே ஆபீஸ், அரசாங்க ஆபீஸ் இருந்த அதே பழைய கட்டடம்தான். கம்பளம் புதிது, நாற்காலி புதிது. மேனேஜர் மிஸஸ் ஹாலண்ட் காபி கொடுத்தாள். நல்ல காபி. அதுவும் ஓலீட்டாவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"எங்க பையன் அங்க போகாமலே போனதா எழுதியிருப்பான்னு நினைக்கிறீங்க, அதானே?" என்றாள் மிஸஸ் ஹாலண்ட். "அவன் போன் எங்க நின்னதுன்னு பதிவு இருக்கு. அக்டோபர் மூணாவது சனிக்கிழமை, பொழுது சாயற நேரம், ரூஃபஸ் வீட்டு வாசல். பார்த்துக்குங்க."

பார்த்தாள். அவன் போயிருந்தான். முதல் கடலையே சொத்தை.

டெரிக்கை எதிரே உட்காரவைத்தாள்.

"என்ன பார்த்தே?"

"வாசல் தாழ்வாரத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீல ஓவரால், தோள்ல பட்டை வெச்ச வேலை உடுப்பு. வேலைக் கையுறை. வைக்கோல் தொப்பியை முகத்துக்கு மேல இழுத்து விட்டிருந்தார்."

"அப்ப முகம் தெரியல."

"தாடி தெரிஞ்சதே. நல்ல கருகருன்னு தாடி."

ரூஃபஸுக்கும் அதே தாடிதான்.

"எவ்வளவு கிட்ட போனே?"

"கடைசிப் படி வரைக்கும். மேல ஒரு நாய் படுத்திருந்துச்சு. கன்னுக்குட்டி உசரம்."

"நாய்க்குப் பயமா?"

"உங்களுக்கு இல்லையா மேடம்?"

ஓலீட்டாவின் கெண்டைக்காலில் இரண்டு நாய்க்கடித் தழும்பு உண்டு. அவள் பேச்சை மாற்றினாள். "அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. 'மிஸ்டர் பெட்டிகிரூவா?'ன்னேன். பதில் இல்ல. 'ஐயா, இது கோர்ட் சம்மன், நீங்க கை நீட்டி வாங்கலைன்னாலும் கொடுத்ததாத்தான் கணக்கு'ன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கல. சரி, மரியாதை தெரியாத ஆள்னு, அவர் காலடியில ஒரு கூடை இருந்துச்சு, எட்டி அதுக்குள்ள போட்டுட்டு வந்துட்டேன்."

"குடிச்சிருந்தானா?"

"அப்படித்தான் தோணுச்சு. பூட்ஸை இடது வலது மாத்திப் போட்டிருந்தார்."

"அன்னைக்கு உனக்கு எத்தனை சம்மன்?"

"நாப்பது. ஒண்ணுக்கு இவ்வளவுன்னுதான் சம்பளம். ஒரே வீட்டுல நின்னுக்கிட்டிருந்தா எனக்குச் சோறு?" கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "மேடம், அந்தத் தெரு பூரா ஒரே அலங்காரம். வாசலுக்கு வாசல் பூசணிக்காய், வைக்கோல் கட்டு. எவ்வளவு சந்தோஷமான ஊருன்னு நினைச்சேன். அங்க போய் இப்படி ஒரு மனுஷனான்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஓலீட்டா கடலையை மென்றபடி வெளியே வந்தாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்கும் நினைவிருந்தது. மறுநாள் தேவாலய அறுவடைத் திருநாள். ஊரே வாசலை ஜோடித்துப் போட்டி போடும். அதெல்லாம் சரிதான், ஆனால் பையன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று அவளுக்குத் தோன்றியது. மெரிட் மாவட்டத்தில் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. கடன்காரன் வந்தாலும் "வா, உட்கார், சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திட்டுவது அதற்கப்புறம்தான். புளுகுகிறவன் இந்த ஊர்ப் புளுகாகப் புளுகியிருக்கலாம்!

லாக்கப்பில் ரூஃபஸ் பக்கத்து அறைக்காரனுக்கு மீன் வறுக்கிற பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நீ எங்க இருந்தே?"

"அஞ்சு மாசம் ஆச்சு அத்தை. வீட்டுலதான் இருந்திருப்பேன். பின்னாடி மீன் வறுத்துட்டிருந்திருப்பேன், சனிக்கிழமையாச்சே. ரேடியோ பாடிட்டிருந்திருக்கும். நைலா கூட இருந்திருப்பா."

"யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பேசாம இருப்பியா?"

"நானா? சாத்தான் வந்து கூப்பிட்டாலும் முதல்ல தட்டுல ரெண்டு மீனைப் போடுவேன். ஏன் அத்தை, அப்படி யாராவது சொன்னாங்களா?" அவனுக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. ஜெயிலை விட அதுதான் அவனை அதிகமாகக் குத்தியது. "நான் பதில் பேசலைன்னா சொல்றான்? அந்தப் பையன்கிட்ட நானா?"

ஓலீட்டா அவன் முகத்தையே பார்த்தாள். இது நடிப்பு இல்லை. ஆனால் அங்கே டெரிக்கின் முகத்திலும் நடிப்பு இல்லையே! அது வேறு அவளைப் படுத்தியது. இருபது வருஷமாகப் பொய்யைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. இரண்டு பக்கமும் மெய்யாகவே கேட்டால் அந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மத்தியானம் கொரீனின் முடி பின்னும் கடைக்குப் போனாள். கொரீன் ஒரு பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பெட்டி நிறையக் கருகருவென்று சவுரி.

"ஜெயில்ல போடுங்கன்னு நான் கேட்கல" என்றாள் கொரீன், கை நிற்காமல். "பிள்ளைக்கு வர வேண்டியது ஒழுங்கா, கணக்கா வரணும்னுதான் கேட்டேன். ரூஃபஸ் கையில கொடுப்பான், இல்லைன்னு சொல்லல. ஒரு மாசம் பத்தாம் தேதி, ஒரு மாசம் இருபதாம் தேதி. பல்லுக்குக் கம்பி போடற டாக்டர் இருபதாம் தேதி வரைக்கும் காத்திருப்பாரா?"

"அரசாங்க ஆபீஸ் இருந்தப்பவே வந்திருக்கலாமே கொரீன்."

"வந்தேனே! பதினாலு மாசம் போன் அடிச்சேன். எடுக்க ஆளில்ல. கம்பெனிக்காரன் மூணாம் நாள் எடுத்தான் அக்கா. அதைச் சொன்னா உங்களுக்குப் பிடிக்காது."

பிடிக்கத்தான் இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

"எடுத்தான், ஆனா என் பேரைக் கேட்கல, நம்பரைக் கேட்டான்" என்று கொரீனே சொன்னாள். "உங்க ஆளுங்களுக்கு என்னை நல்லாத் தெரியும், போனை மட்டும் எடுக்க மாட்டாங்க. இவங்க போனை எடுப்பாங்க, நான் யாருன்னு தெரியாது. நடுவுல நான் என்ன பண்ண?"

அந்த நேரம் பார்த்து, நாற்காலிப் பெண்ணின் குட்டி மகன், நாலு வயது இருக்கும், தானே ஷூ மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடந்து வந்தான்.

"அடேய், மறுபடியும் மாத்திப் போட்டுட்டியா? இடது வலது எப்பதான் தெரியப்போகுதோ!" என்றாள் அவன் அம்மா.

ஓலீட்டாவின் வாய்க்குப் போன கடலை பாதியிலேயே நின்றது.

அவள் பையனின் கால்களைப் பார்த்தாள். கீழே இருந்த சவுரிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கொரீன், போன அக்டோபர் திருநாளுக்கு நைலா என்ன செஞ்சா?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா? ரெண்டாவது பரிசு வாங்கினாளே. கூடை, நாற்காலி எல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமை காலைல அப்படியே லாரியில தூக்கிட்டுப் போனாங்க. திருப்பி எடுத்துட்டு வர யாருக்கும் கை ஒழியல. தேவாலயத்துப் பின்னறையிலதான் கிடக்கும்."

"கிடக்கணும் சாமி" என்று ஓலீட்டா வாசலுக்கு ஓடினாள். அவள் ஓடி ஊர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

நாலு மணிக்குச் சற்று முன்னால், நீதிமன்றத்து வெளித் தாழ்வாரத்தில், நிழலான மூலை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டெரிக் படியேறி வந்தான். போகிற போக்கில் அந்தப் பக்கம் தலையசைத்து, "வணக்கம் மிஸ்டர் பெட்டிகிரூ" என்றான். பதில் இல்லை. "இன்னைக்கும் இப்படித்தானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

உள்ளே ஜட்ஜுக்கு எதிரில் ரூஃபஸ் பெட்டிகிரூ விலங்கோடு நின்றுகொண்டிருந்தான். பின்னால் பெஞ்சில் கொரீன். டெரிக் ரூஃபஸைப் பார்த்தான். கதவைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி ரூஃபஸைப் பார்த்தான்.

"தம்பி" என்றாள் ஓலீட்டா, "வெளியில யாருக்கு வணக்கம் சொன்னே?"

"இவ... இவருக்கு."

"சம்மனை யார்கிட்ட கொடுத்தே?"

"வெளிய இருக்கிறவர்கிட்ட." அவன் கதவைக் கை காட்டினான். "மேடம், அது யாரு?"

ஓலீட்டா வெளியே போய் அவரைத் தூக்கி வந்தாள். ஒரே கையால், இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. இன்னொரு கையில் கூடை. ஜட்ஜின் மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துத் தொப்பியைக் கழற்றினாள். கோணிப்பை முகம், பொத்தான் கண், அம்மா கடைச் சவுரியில் ஒட்டிய கருந்தாடி. அப்பாவின் பழைய ஓவராலுக்குள் வைக்கோல். விரல் செய்யத் தெரியாததால் கையுறை. மார்பில் இரண்டாம் பரிசு ரிப்பன்.

"குற்றவாளி இவர்தான் ஜட்ஜையா" என்றாள் ஓலீட்டா. "சம்மன் வாங்கினவர் இவர். நைலா செஞ்ச சோளக்கொல்லை பொம்மை."

கூடையை மேஜை மேல் கவிழ்த்தாள். காய்ந்த சுரைக்குடுக்கையும் சோளக்கதிரும் உருண்டன. அடியிலிருந்து ஹார்ட்வே முத்திரை போட்ட உறை ஒன்று விழுந்தது. ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"நம்ம ஊர்ல திருநாளுக்கு முதல் நாள் சில வாசல்ல பொம்மையும் உட்காரும். நமக்குத் தெரியும், ஃபீனிக்ஸ்காரனுக்கு எப்படித் தெரியும்? பொழுது வேற சாயுது, மேல ஏற நாய் விடல, இன்னும் எத்தனையோ சம்மன் பாக்கி. இந்தப் பையன் பொய் சொல்லல. ரூஃபஸும் பொய் சொல்லல. ஏழெட்டு மணி நேரமா ரெண்டு உண்மைக்கு நடுவுல பொய்யைத் தேடி அலைஞ்சவ நான்தான்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பூட்ஸ். இடது வலது மாறியிருந்ததுன்னு இவனே சொன்னான். எவ்வளவு குடிச்சவனும் பூட்ஸை மாத்திப் போட்டுக்கிட்டு சும்மா உட்கார மாட்டான், வலிக்கும். வலிக்காத காலுக்குத்தான் அப்படிப் போட முடியும். எதிர்ல உட்கார்ந்து மாட்டிவிட்டா, மாட்டறவங்களோட வலது பொம்மைக்கு இடதாப் போயிடும். அப்புறம் அந்த மௌனம். மெரிட் மாவட்டத்து மனுஷன் பதில் பேசாம இருக்க மாட்டான், அதனால இந்தப் பையன் புளுகறான்னு நினைச்சேன். பாதிதான் சரி. பதில் பேசலைன்னா அது மனுஷனே இல்லன்னுல்ல நான் யோசிச்சிருக்கணும்!" ஓலீட்டா டெரிக்கைப் பார்த்தாள். "நீ பொய்யனா இருக்கணும்னு எனக்கு ஆசை தம்பி. ஆசை கண்ணை மறைச்சிடுச்சு. மன்னிச்சுக்கோ."

ஜட்ஜ் பீச்சம் பொம்மையைக் குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது.

"வைக்கோலுக்குக் கொடுத்த சம்மன் செல்லாது. தீர்ப்பு ரத்து. லைசென்ஸ் இன்னைக்கே திரும்பப் போகட்டும். விலங்கைக் கழட்டுங்க. ரூஃபஸ், கொரீன், ரெண்டு பேரும் இப்பவே உட்காருங்க, உண்மையான சம்பளத்தை வெச்சு உண்மையான தொகையைப் போடுவோம். இனிமே கையில கொடுக்கற வேலை வேண்டாம். சம்பளத்துலயே பிடிச்சு, முதல் தேதி கொரீனுக்குப் போயிடணும்."

"போகட்டும் ஜட்ஜையா" என்றான் ரூஃபஸ். "பல்லுக் கம்பி முக்கியம்." விலங்கு கழன்ற கையை நேரே டெரிக்கிடம் நீட்டினான். "தம்பி, என் வீட்டு வாசல்ல வந்து நின்னு சாப்பிடாம போயிருக்கே. எனக்கு அதுதான் தாங்கல."

அப்போதுதான் கொரீன் கேட்டாள்: "ரூஃபஸ், அவ ஏன் அதை அச்சு அசலா உன்னை மாதிரியே செஞ்சான்னு தெரியுமா?"

"பரிசுக்குத்தானே?"

"பரிசுக்கில்ல. என்கிட்ட சொன்னா. 'வாரம் பூரா அப்பா லாரியோட ரோட்டுல இருக்காரு. வெள்ளிக்கிழமை நான் போய் இறங்கும்போது வாசல்ல யாராவது இருந்தா நல்லாயிருக்கும்'னு."

பேச்சுக்குப் பெயர்போன ரூஃபஸ் பொம்மைக்கு முன்னால் மண்டி போட்டான். பொம்மையின் பூட்ஸைக் கழற்றி இடது வலது சரியாக மாட்டினான். மாட்ட வெகு நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் மாவட்ட சபையில் இரண்டு கட்சியும் தொண்டை வற்றக் கத்தின. அரசாங்கமா, கம்பெனியா? கடைசியில் கொரீன் எழுந்து, போனைக் கம்பெனி எடுக்கட்டும், சம்மனை ஓலீட்டாக்கா கொண்டு வரட்டும், இதுக்கா இவ்வளவு சண்டை என்றாள். அப்படியே முடிவாயிற்று. ஆபீஸ் வேலைக்கு மாறிய டெரிக்குக்கு மாதச் சம்பளம். இப்போது போனை எடுத்தால் நம்பருக்கு முன்னால் பெயரைக் கேட்கிறான் என்று ஊரில் பேச்சு.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை. பொழுது சாய்கிற நேரம். டெரிக் கையில் ஒரு கேக்கோடு ரூஃபஸ் வீட்டுப் படியருகே வந்து நின்றான். நாற்காலியில் நீல ஓவரால், தொப்பி, கருந்தாடி. காலடியில் நாய். அவன் படியிலேயே நின்று பூட்ஸைத்தான் முதலில் பார்த்தான். இந்த வருஷம் இடது வலது சரியாக இருந்தது. அவனுக்குக் குழப்பமாகப் போயிற்று.

அப்புறம்தான் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தான். பதினொரு வயதுக் கையெழுத்து. "நான் அப்பா இல்லை. அப்பா வெள்ளிக்கிழமையே வந்துட்டார். கதவைத் தட்டவும்."

நாயை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மேலே ஏறித் தட்டினான்.

"யாரு? வாங்க, வாங்க!" என்று கதவு திறப்பதற்கு முன்னாலேயே உள்ளிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டாச்சா?"